அப்பா பிடுங்காத செடி

அன்பு மகள் வாலுவுக்கு அம்மா எழுதுவது. முப்பது தாண்டி, கண்ணாடி போட்டு, நாலு பேரை வேலை வாங்கும் நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தாலும் எனக்கு நீ வாலுதான், அதை மாற்றிக்கொள்ள இப்போது எனக்குத் தெம்பு இல்லை. நீயும் மாப்பிள்ளையும் சளி, இருமல் எதுவும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே அப்பா உடம்பு நன்றாக இருக்கிறது, என் உடம்பும் நன்றாக இருக்கிறது, உடம்பைத் தவிர மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று நீ பயந்திருப்பாய், பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. தனியாகப் போய்ப் பேசலாம் என்றால் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வருகிறார், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று "உள்ள ஏதாச்சும் ஒழுகுதா" என்று கேட்கிறார். எழுதினால் மட்டும் தொந்தரவு இல்லை, யாருடைய சட்டைக்கோ அளவு குறிக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார். அதனால் உன்னிடம் கேட்க வேண்டியதை எழுதியே கேட்கிறேன். போன தடவை நீ வந்திருந்தபோது, மறதி வந்த வயதானவர்களைப் பகலில் மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அப்பாவை ஒருநாளும் அங்கே விடக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாயே, அந்தச் சத்தியத்திலிருந்து என்னை விட்டுவிடு. இதுதான் விஷயம். முதலிலேயே போட்டு உடைத்துவிட்டேன், இனி நிதானமாகப் படி.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் உன் மீன் தொட்டியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நீயும் ஒவ்வொரு தடவையும் செடியெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாய், நானும் "இருக்கு, இருக்கு" என்று மழுப்பிக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், நீ நட்டுவிட்டுப் போன செடியில் ஒன்றுகூட நீ நட்ட இடத்தில் இல்லை. நீ விமானம் ஏறின வாரத்திலேயே அப்பா எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார். நான் சமையலறையிலிருந்து வந்து பார்த்தால் தையல் மெஷின் மேல் செய்தித்தாளை விரித்து, அதில் செடிகளை வரிசையாகப் படுக்க வைத்துவிட்டு, முழங்கை வரை ஈரத்தோடு நிற்கிறார். "பாரு எவ்வளவு அடைச்சிருக்கு, இவ்வளவு நாளா யாரும் பாக்கலையா" என்கிறார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, நன்றாகக் கத்திவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, வாழ்நாள் முழுக்க ஊரார் வீட்டுக் குழாயில் கையை விட்டு அடைப்பு எடுத்த மனுஷன், தண்ணீருக்குள் பச்சையாக, நாராக, ஆடிக்கொண்டு ஒன்று நின்றால் அவருக்கு அது வேறு என்னவாகத் தெரியும். நான் கத்தினதும் முகம் சுருங்கிப்போய் அந்த ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார் பார், அதற்குப் பிறகு நான் கத்துவதில்லை. அவர் பிடுங்குவார், நான் நன்றாக எடுத்தீர்கள் என்று சொல்லி டீ கொடுப்பேன், அவர் அந்தப் பக்கம் திரும்பினதும் திரும்ப நடுவேன். எங்கள் குடித்தனம் கொஞ்ச காலம் இப்படி ஓடியது.

சும்மா குழி தோண்டிச் செருகினால் நிற்காது என்பதையே நான் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டேன். நீ போட்டிருந்த கல் பரப்பு இரண்டு விரல் உயரம்கூட இல்லை, அதில் எந்தச் செடி காலூன்றும், கேட்கிறேன். வளர்ப்பு மீன் கடைக்காரரைப் போனில் பிடித்தேன், வாய் ஓயாத மனுஷன், ஆனால் விஷயம் சொல்லித்தந்தார். இன்னும் பொடிக்கல் வாங்கி, கலங்கல் போகும்வரை அலசி, பின்பக்கம் ஒரு கை அகலத்துக்கு மேடாகவும் முன்பக்கம் சரிவாகவும் கொட்டச் சொன்னார். நாடா மாதிரி நீளமாக வளர்கிறதே அந்தச் செடிக்கு வேரை ஓரளவு கத்தரித்துவிட்டு, இடுக்கியால் வேரைப் பிடித்துச் சாய்வாக உள்ளே செலுத்தி, பிறகு லேசாக மேலே இழுத்துவிட வேண்டுமாம், இலை கிளம்புகிற இடம் கல்லுக்கு மேலே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அழுகிவிடுமாம். செய்தேன், நன்றாகவே நின்றது. மீன் இடித்தாலும் நின்றது, தண்ணீர் மாற்றும்போதும் நின்றது. அப்பா கைக்கு மட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் நான் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். அப்பாவின் வேலைப் பெட்டியிலிருந்து பித்தளை நட்டுகளை எடுத்து, செடியின் அடியை ஒவ்வொன்றிலும் கோத்துக் கனம் ஏற்றி, கல்லுக்குள் ஆழமாகப் புதைத்துவிட்டேன். யாரைக் கேட்க வேண்டும், குழாய்க்காரர் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா என்று ஒரு மிதப்பு. கொஞ்ச நாளில் உன் நத்தைகள் ஓட்டுக்குள்ளிருந்து தொங்கிப்போய்க் கிடந்தன, அந்தச் சிவப்புப் பொடி இறால்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மீன் கடைக்காரர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார், சத்தம் போனிலேயே கேட்டது. "அக்கா, பித்தளைல செம்பு இருக்குதுக்கா, நத்தைக்கும் இறாலுக்கும் அது விஷம், மீனுக்கும் ஆகாது, மொதல்ல எடுங்க" என்றார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினேன். நத்தை செத்ததை உன்னிடம் மறைத்தேன், மன்னித்துக்கொள், உனக்கு அங்கே இருக்கிற கவலை போதும் என்று நினைத்தேன்.

சரி, அவர் பெட்டி வேண்டாம், என் பெட்டிக்கு வருவோம் என்று அடுத்து என் நூலை எடுத்தேன். அந்த அகல இலைச் செடி இருக்கிறதே, தடித்த தண்டு படுத்தாற்போல ஓடுமே, அதைக் கல்லுக்குள் நடவே கூடாதாம், கட்டையிலோ பாறையிலோ கட்டித்தான் வைக்க வேண்டுமாம். கட்டுவது எனக்குச் சொல்லித்தர வேண்டுமா. ஓரம் மடிக்க வைத்திருக்கும் கண்ணாடி மாதிரி நைலான் நூலை எடுத்து, பித்தானைக் கட்டுவது போல இறுக்கி, அறுபடாத முடிச்சாகப் போட்டுத் தண்ணீரில் இறக்கினேன். எத்தனை வருடப் பழக்கம், தளர்வாகக் கட்டக் கை வரவில்லை. நூல் கடித்த இடத்தில் தண்டு பழுப்பாகிக் கொழகொழத்துப் போய்விட்டது, அப்பா வந்து இழுத்ததில் செடி பாதியாகக் கையோடு வந்து, நூல் மட்டும் வளையமாகத் தளர்ந்து கட்டையிலேயே நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாத நூல், எனக்கும் தெரியவில்லை. மறுநாள் உன் குண்டன் மீன் அதற்குள் தலையை விட்டு, செவுளில் மாட்டிக்கொண்டு துடித்திருக்கிறது. முதலில் பார்த்தது அப்பாதான். "இங்க வா, ஒண்ணு மாட்டிக்கிச்சு" என்று கூப்பிட்டார், அந்தக் குரல் பழைய குரல், வேலையில் இருக்கும்போது வருகிற குரல். மீனைத் தண்ணீருக்குள்ளேயே உள்ளங்கையில் அசையாமல் தாங்கிக்கொண்டார், நான் நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் வெட்டிவிட்டேன். ஒரு பக்கம் செதில் உதிர்ந்ததோடு தப்பித்தது. இப்போது அது நன்றாகத் தின்கிறது, உன்னைப் போலவே தட்டில் ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை.

இப்போது எப்படி வைத்திருக்கிறேன் என்பதைக் கேள், நீயும் அங்கே தொட்டி வைக்கப் போவதாகச் சொன்னாயே, உனக்கு உதவும். நைலான் வேண்டவே வேண்டாம். சாதாரணப் பருத்தி நூல், அதுவும் சாயம் போகாத வெள்ளை, செடியைப் பெரிய கல்லோடு சேர்த்து, ஆடாத அளவுக்குச் சில சுற்று மட்டும் தளர்வாகச் சுற்றி, முடிச்சைக் கல்லுக்கு அடியில் போட்டு, நுனியை ஒட்ட வெட்டிவிட வேண்டும், மீன் நுழைய ஒரு கண்ணிகூட இருக்கக்கூடாது. நாளாக ஆக நூல் தானே மக்கிவிடும், அதற்குள் வேர் கல்லைப் பிடித்துவிடும். பாசிக்கும் அதேதான், மெல்லியதாகப் பரப்பிச் சுற்ற வேண்டும், மெத்தை மாதிரி அடைத்தால் அடியில் இருப்பது அழுகும். நூல் சுற்றப் பொறுமை இல்லாவிட்டால் கூழாக வருகிற உடனடிப் பசை ஒரு துளி போதும், வேரில் மட்டும், தண்டில் படக்கூடாது, மீனுக்குக் கெடுதல் செய்யாத பசைதானா என்று கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்கு. நான் தேர்ந்தெடுத்தது பெரிய வழுவழுப்பான கற்கள், ஒரு கையால் தூக்க முடியாத கனம். பொடிக்கல்லை ஒதுக்கிவிட்டு, தொட்டியின் தரையில் ஒரு துண்டு மெல்லிய நுரைத் தகட்டைப் போட்டு, அதன்மேல் கல்லை உட்கார வைத்து, பிறகு பொடிக்கல்லை அணைத்துக் கொட்டினேன். பொடிக்கல் மேலேயே பெரிய கல்லை வைத்தால், மீன் அடியில் கிளறி, கல் சாய்ந்து கண்ணாடியில் இடித்துவிடும், இல்லையென்றால் மீன் அடியில் போய் நசுங்கும்.

வைத்த அன்றைக்கே அப்பா வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு செடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார், கல் லேசாக அசைந்தது, உடனே விட்டுவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "அது அடைப்பு இல்ல, யாரோ வேணும்னு பிடிப்பு போட்டு வச்சிருக்காங்க, அத எடுக்கக் கூடாது" என்றார். எவ்வளவு தெளிவாகச் சொன்னார் தெரியுமா, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்றிலிருந்து தொட்டியில் கை வைப்பதில்லை. செடிகள் எல்லாம் புது இலை விட்டிருக்கின்றன, அகல இலைச் செடி தண்ணீருக்குள்ளேயே வெள்ளையாக ஒரு பூகூட விட்டது.

நல்லதுதானே என்பாய். செடிக்கு நல்லது. ஆனால் அந்தக் கைக்கு வேறு வேலை வேண்டுமே. தொட்டியை விட்டதும் வீட்டுக் குழாய்களைப் பிடித்துக்கொண்டார். நீ ஆள் வைத்துக்கொள் என்றாய், வைத்தேன், அந்தப் பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போதே கீழே உட்கார்ந்து குழாயைக் கழற்றி அவளைத் தலையோடு நனைத்துவிட்டார், அதோடு அவள் வரவில்லை. ஒருநாள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போய் இந்தக் கட்டடம் முழுவதற்குமான வால்வை மூடிவிட்டு, அதன் கைப்பிடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார், நாலு மாடிக்கும் தண்ணீர் இல்லை. யாரும் கோபமாகப் பேசவில்லை, எல்லாரும் பாவம் என்றுதான் பார்த்தார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு உள்பக்கமாகப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொள்கிறேன். அவரைப் பூட்டினேன் என்று நினைத்தேன், என்னையும் சேர்த்துத்தான் பூட்டியிருக்கிறேன். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கதவிடுக்கில் துணியை நீட்டுகிறார்கள், நான் கதவிடுக்கிலேயே அளவெடுக்கிறேன், ஒரு பெண்ணுக்கு அப்படித் தோள் அளவு எடுத்துத் தைத்ததில் ரவிக்கை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. எதிர்வீட்டு டீச்சர்தான் காய்கறி வாங்கித் தருகிறாள். ஜன்னல் வழியே எதிரே டயர் கடை தெரியும், அந்தக் கடையில் யார் எப்போது வருகிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. என் செருப்பு வாசலில் தூசி பிடித்துக் கிடக்கிறது. கூண்டு, தொட்டி என்றெல்லாம் உவமை சொல்ல மாட்டேன், மீனுக்கு அதன் தொட்டியில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது வாலு, அவ்வளவுதான், வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

இப்போது சொல்லப்போவதை நிதானமாகப் படி. போன வாரம் குப்பைக் கூடையை மாடிப்படி ஓரம் வைக்கக் கதவைத் திறந்து வெளியே வந்தேன், கண்மூடித் திறப்பதற்குள் அவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். சாவி என் இடுப்பில் இருந்து என்ன பயன், தாழ்ப்பாளுக்குச் சாவி ஏது. தட்டினேன். "யாரு" என்றார். நான்தான் என்றேன். "வீட்டுக்காரம்மா வெளிய போயிருக்காங்க, வந்ததும் வாங்க" என்றார், அவ்வளவு மரியாதையாக. சிரித்துவிட்டேன். உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு கதவுக்கு அடியில் ஈரம் வந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும், பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டிருக்க வேண்டும், கத்தியிருக்க வேண்டும். நான் போய்ப் படியில் உட்கார்ந்தேன். வெயில் படியில் விழுந்திருந்தது, காலை நீட்டிக்கொண்டேன். யாரும் என் பின்னால் நிற்கவில்லை, யாரும் ஒழுகுதா என்று கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. தண்ணீர் என் வீட்டுக்குள் கொட்டுகிறது, அவர் அந்த ஈரத்தில் வழுக்கி விழலாம், மின்சார ஒயர் எல்லாம் கீழேதான் ஓடுகிறது, எல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என்னைப் பார்த்துப் பதறி, கதவைத் தட்டி "சார், எங்க வீட்ல குழாய் ஒழுகுது, கொஞ்சம் வர்றீங்களா" என்றாள். உடனே தாழ்ப்பாள் திறந்தது, பெட்டியும் கையுமாக வந்து நின்றார், முழங்கால் வரை நனைந்து, சந்தோஷமாக.

எனக்கு அன்றிலிருந்து பயமாக இருக்கிறது, அவரைப் பார்த்து இல்லை, படியில் உட்கார்ந்திருந்த பொம்பளையைப் பார்த்து. அடுத்த தடவை அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு வருடத்தில் ஒப்பந்தம் முடிந்து வந்துவிடுவேன், அதுவரை சமாளி என்கிறாய், நீ வருவாய், எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் அதுவரை நான் நீ விட்டுவிட்டுப் போன அம்மாவாக இருப்பேனா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அந்த இல்லத்தை நானே போய்ப் பார்த்தேன், டீச்சர் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். நீ சொன்னது நிஜம்தான், பொய் சொல்ல மாட்டேன், சுவரைப் பார்த்தபடி நாற்காலிகள்தான், ஒருவித மருந்து வாசனைதான், ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னைத் தங்கச்சி என்றார். ஆனால் அங்கே பார்த்துக்கொள்கிறவர்கள் முறை மாற்றி வேலை செய்கிறார்கள், வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், அதனால்தான் அவர்களால் பொறுமையாகப் பேச முடிகிறது. காலையில் விட்டால் சாயங்காலம் கூட்டிவந்துவிடலாம், வாரம் முழுக்கவும் வேண்டியதில்லை என்று அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மா சொன்னார்.

நேற்று மத்தியானம் நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன், அப்பா எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப களைச்சுப் போயிட்ட" என்றார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார் வாலு, எவ்வளவோ நாளைக்குப் பிறகு. எங்கிருந்து எனக்கு அந்தத் துணிச்சல் வந்ததோ, இந்த மாதிரி ஒரு இடம் இருக்கிறது, பகலில் மட்டும் அங்கே போய் இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் யோசித்தார். "நான் அங்க போனா நீ என்ன பண்ணுவ" என்று கேட்டார். தூங்குவேன் என்றேன். "சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்துடலாம்ல" என்றார். வந்துவிடலாம், நானே வந்து கூட்டிக்கொண்டு வருவேன் என்றேன். "அப்ப போறேன். நீ தூங்கு" என்றார். ஊசியைக் குத்தி வைத்துவிட்டு அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார், கொஞ்ச நேரத்தில் எதற்குத் தட்டுகிறோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது, ஆனாலும் தட்டிக்கொண்டுதான் இருந்தார். சாயங்காலம் அதே பேச்சை எடுத்தால் எந்த இடம் என்று கேட்கிறார். ஆகவே அவர் சரி என்று சொன்னது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், நாளைக்கு எனக்கே நான் கற்பனை செய்துகொண்டேனோ என்று தோன்றிவிடும். அதனால்தான் இன்றைக்கே உனக்கு எழுதுகிறேன்.

நீ அழுவாய், தெரியும், அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு ஒழுங்காகச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், இருட்டின பிறகு தனியாக நடந்து வராதே, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, குறைவில்லாமல், ஆயுசுக்கும் நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நானும் அப்பாவும் எப்போதும் நினைப்பது, அவருக்கு எது மறந்தாலும் போன் மணி அடித்தால் "புள்ளையா" என்று கேட்க மறப்பதில்லை. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், கடிதம் கிடைத்ததும் போனில் இதைப் பற்றிப் பேசாதே, அவர் பக்கத்தில் இருப்பார். சத்தியத்திலிருந்து என்னை விட்டுவிட்டாய் என்றால் "சரிம்மா" என்று மட்டும் சொல், நான் புரிந்துகொள்கிறேன். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வருவதாக அங்கே சொல்லிவிட்டேன், அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். நீ சரி என்றாலும் போவேன், சொல்லாவிட்டாலும் போவேன். ஆனால் உனக்குக் கொடுத்த சத்தியத்தை மீறினவளாகப் போய்ப் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது, மகளே.

என்றும் உன் நினைவாக,
அம்மா